மறைந்தான் என்ற சொல்லுக்கு ஒரு மொட்டை

புதுச்சத்திரத்தில் பூபதி வைத்திருக்கும் ஃபிளெக்ஸ் கடையில் எந்தச் சாவுக்கும் எந்த வார்த்தையும் கிடைக்கும், ஒன்றைத் தவிர. காலமானார் என்று போட்டுக்கொள்ளலாம். இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், சிவலோகப் பதவி அடைந்தார், எல்லாம் உண்டு. வீட்டுக்காரர்கள் பிரியப்பட்டால் இமயம் சரிந்தது என்றுகூட அடித்துத் தருவார். போனவர் பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தவர் என்றாலும் அவருக்கு ஆட்சேபம் கிடையாது. 'மறைந்தார்' மட்டும் கிடையாது.

"ஏனுங்க, எல்லாக் கடையிலயும் போடறாங்க. உங்களுக்கு மட்டும் என்னங்க வந்துது?" என்பார் வந்தவர்.

"மறைஞ்சாருன்னா ஒளிஞ்சுக்கிட்டாருன்னு அர்த்தமுங்க. உங்க மாமனாரு ஒளிஞ்சா இருக்கறாரு?"

"செத்துப் போயிட்டாருங்க."

"அப்பறமென்ன? செத்தவருக்குச் செத்தவருக்குண்டான வார்த்தையப் போடோணுமுங்க. நாளைக்குத் திரும்பி வந்து நின்னாருன்னா ஆரு பதில் சொல்றது?"

மாமனார் திரும்பி வரக்கூடும் என்ற கோணத்தில் அதுவரை யோசித்திராத மருமகன் சற்று நேரம் நிற்பார். சிலர் 'காலமானார்' என்பதற்கு இறங்கி வருவார்கள். சிலர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். "ஊட்டுல பொணத்தப் போட்டுட்டு வந்தவங்ககிட்ட இலக்கணம் பேசற கடை ஜில்லாவுல இது ஒண்ணுதான்," என்று உள்ளிருந்து பிரவீனா சொல்வார். அவர் பூபதியின் மனைவி; கடை இன்னும் திறந்திருக்கிறது என்றால் அவர் காரணம்.

பூபதி தமிழ்ப் பண்டிதர் அல்ல. பத்தாம் வகுப்பில் தமிழில் என்ன வாங்கினார் என்பதை அவர் வெளியில் சொல்வதில்லை. மொத்தத் தமிழிலும் அவருக்கு இந்த ஒரு வார்த்தையோடுதான் தகராறு. அதுவும் சொந்தத் தகராறு.

அவருக்குப் பதின்மூன்று வயதானபோது மதுரையிலிருந்து பவளம் காமிக்ஸ் என்று ஒன்று மாதா மாதம் வந்துகொண்டிருந்தது. அதன் நாயகன் கருடவேந்தன். பகலில் சர்வே ஆபீஸ் குமாஸ்தா; ஊருக்கு ஆபத்து என்றால் முதுகில் இறக்கை முளைக்கும். குண்டு துளைக்காது, தீ சுடாது, சம்பளம் மட்டும் போதாது. தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை, கல்யாணம் ஆகவில்லை. புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப் பெட்டிக்கடையில் அவன் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டித் தொங்குவான்.

தொண்ணூற்று நாலில் கடைசிப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டம் வர ஆரம்பித்தது. 'கருடவேந்தன் மறைகிறான்! உங்கள் பிரதிக்கு இப்போதே சொல்லி வையுங்கள்!' அடுத்த மாதம் அதே கட்டம், இன்னும் கறுப்பாக. பெட்டிக்கடைக்காரர் பெயர் எழுதிக்கொள்ளத் தொடங்கினார். ஒன்று படிப்பதற்கு, ஒன்று உறை பிரிக்காமல் வைத்துக்கொள்வதற்கு, ஆக ஆளுக்கு இரண்டு வாங்குவது புத்திசாலித்தனம் என்று ஆசிரியர் பக்கத்திலேயே எழுதியிருந்தது. பிற்காலத்தில் இது பொக்கிஷம் ஆகுமாம். இதழ் கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் வந்தது. உள்ளே சட்டையில் குத்திக்கொள்ள ஒரு துண்டுக் கறுப்புத் துணி இருந்தது. குண்டூசியை நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் உடைந்த அணையின் அடியில் கருடவேந்தன் கிடந்தான். இறக்கைகள் தனியே மிதந்தன. கீழே ஒரே வரி: 'அன்று கருடவேந்தன் மறைந்தான்.'

இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று நாமக்கல் வட்டாரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தலைவர் மறைந்தார் என்று ரேடியோ சொன்னால், எங்கே போய் மறைந்தார் என்று யாரும் தேடிக்கொண்டு கிளம்புவதில்லை.

பூபதிக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகையைவிட ஒரு கேள்வி அதிகம் உறுத்தியது. செத்தவனுக்கு யாரும் கிடையாது. அப்படியென்றால் காரியம் யார் செய்வது? இதைக் கூடப் படித்த தமிழரசுவிடம் சொன்னான். தமிழரசும் நியாயம்தான் என்றான். இரண்டு பேரும் மொட்டை போடுவதென்று பேசி முடித்து, ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் போவதுபோலக் கிளம்பி மோகனூர் காவிரிக்கரைக்கு பஸ் ஏறினார்கள். கரையில் கருமாதிக்கு வந்தவர்களுக்கு முடி எடுக்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் பூபதியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆருக்கு சாமி?"

"கருடவேந்தனுக்குங்க."

"உனக்கு என்ன முறையாகோணும்?"

பூபதி இதை யோசித்து வைத்திருக்கவில்லை. "அண்ணன் முறைங்க."

"பெரியவங்க ஆரும் கூட வல்லியா?"

"அவருக்கு ஆருமே இல்லீங்க."

பெரியவர் நாக்கால் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் கேட்காமல் தலையில் தண்ணீர் தெளித்தார். முடித்த பிறகு காசும் வேண்டாம் என்றுவிட்டார். கத்தியைக் கிட்டத்தில் பார்த்த தமிழரசுக்குத் தனக்குச் சளி பிடித்திருப்பது நினைவுக்கு வந்தது. அவன் கிராப்போடு கரையிலேயே நின்றான். மிச்சமான காசில் இருவரும் நாமக்கல்லில் இறங்கிப் பரோட்டா தின்றார்கள். காரியத்தன்று அது கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

பூபதியின் அப்பா ராசப்பன் லாரி டிரைவர். நாகபுரிக்கு லோடு ஏற்றிப் போய் இரண்டு வாரமாகத் தகவல் இல்லை. அந்தக் காலத்தில் அது கவலைப்பட வேண்டிய விஷயமும் இல்லை, கவலைப்படாமல் இருக்கக்கூடிய விஷயமும் இல்லை. அம்மா காளியாத்தாள் எருமைக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தவர், பையன் வந்து நின்றதும் நிமிர்ந்தார். மொட்டை. கோயில் மொட்டை என்றால் சந்தனம் இருக்கும், இதில் இல்லை. உடம்பில் ஆற்று ஈரம். சட்டையில் கறுப்புத் துணி. ரோட்டில் போன பையனை யாரோ பங்காளிகள் நிறுத்தி, விஷயத்தைச் சொல்லி, அப்படியே ஆற்றுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று அந்த அம்மாள் ஒரு நொடியில் கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரி. விடைதான் தப்பு.

"அம்மா, செத்துட்டாரும்மா," என்று வேறு பூபதி ஆரம்பித்தான்.

தவிட்டு வாளி உருண்டது. காளியாத்தாள் போட்ட சத்தத்தில் தெரு கூடியது. மூன்றாம் வீட்டு முத்தாயம்மாள்தான் பையனைத் தனியே இழுத்துக் கேட்டார்.

"ஆரு கண்ணு வந்து சொன்னது?"

"புக்குலதாங்க போட்டிருந்துது."

"எந்தப் புக்குலடா உங்கொப்பன் செத்ததப் போட்டாங்க?"

உண்மை வெளிவர அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஒரு சைக்கிளும் ஒரு டவுன் பஸ்ஸும் செய்தியோடு கிளம்பிவிட்டன. தப்பு என்று சொல்லப் போன ஆள் இவற்றைக் கடைசிவரை பிடிக்கவில்லை. அடுத்த வாரம் ராசப்பன் ஹைவேயில் லாரியை நிறுத்தி இறங்கியபோது டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே விட்டார். வீட்டுக்குப் போனால், தம்மம்பட்டியிலிருந்து ஒரு சித்தி கோடித் துணியோடு வந்து, வாசலில் நின்றவரையே கட்டிக்கொண்டு அவருக்காக அழுதார். ராசப்பன் அவர் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, டீ வைக்கச் சொன்னார்.

மகனை அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். "இருக்கறவனுக்கு ஊரே அழுதுது. இல்லாதவனுக்கு நீ அழுதே. செரி, போ," என்றார்.

மொட்டையில் முடி வளர்ந்து, காதோரம் மூடி, பேச்சு அடங்கிவந்த நேரத்தில், எட்டு மாதம் கழித்து, பவளம் காமிக்ஸ் அட்டையில் கருடவேந்தன் இறக்கையை விரித்துக்கொண்டு நின்றான். 'மறைந்தவன் வந்தான்!' ஆசிரியர் பக்கத்தில் ஒரு விளக்கம்: 'மறைந்தான் என்றுதானே சொன்னோம் நண்பர்களே, இறந்தான் என்றா சொன்னோம்? அவன் மேகங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தான்!'

வாழ்நாளில் காமிக்ஸ் தொடாத ராசப்பன் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தார். "உன்ற ஆளு சௌரியமா இருக்கறானாமா," என்றார். "தம்மம்பட்டிச் சித்திக்கு ஒரு கார்டு போட்டுரு."

பின்னாளில் ராசப்பன் மெய்யாகவே போனபோது, போனில் தகவல் சொன்னதை மூன்று உறவினர்கள் நம்பவில்லை. தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர், "இந்தத் தடவ ஆரு சாமி செத்தது?" என்று கேட்டார். அன்று தகப்பனுக்கு ஃபிளெக்ஸ் அடிக்க உட்கார்ந்தபோதுதான் பூபதி அந்த வார்த்தையைக் கடையிலிருந்து எடுத்தார். அது திரும்ப உள்ளே வரவில்லை.

இந்த இடத்தில் வழக்கு என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தமிழரசு இப்போது புதுச்சத்திரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். அவர் கட்சி: கருடவேந்தன் முதலிலிருந்தே சாகவில்லை, மறைஞ்சான்னா மறைஞ்சான்தான், படிக்கத் தெரியாதவன் மொட்டை அடித்துக்கொண்டான். பூபதி கட்சி: எழுதியவர் கொன்றுதான் எழுதினார், ஆபீஸ்காரர்கள் பிறகு பிழைக்க வைத்தார்கள். எழுதியபோது அவன் செத்திருந்தால் பூபதி செய்தது முறைப்படி ஒரு காரியம். இல்லையென்றால் அது ஊரைக் கூட்டிப் பெற்ற தாயை அழ வைத்த கோமாளித்தனம். முப்பது வருஷமாக இந்த இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு மனிதர் தலை சீவிக்கொண்டிருக்கிறார். எழுதியவர் வாயால் 'செத்தான்' என்று கேட்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த எழுதியவர், வேலாயுதபெருமாள், உயிரோடு இருப்பதும் சேலத்துக்கு வரப்போவதும் போன தை மாதம் தெரியவந்தது. சேலம் காமிக்ஸ் சேகரிப்பாளர்கள் ஒரு கூட்டம் வைத்தார்கள். தலைப்பு, 'கருடவேந்தன் மறைவு: ஒரு திரும்பிப் பார்த்தல்'. வாசலில் வைக்கும் ஃபிளெக்ஸை முதலில் பூபதியிடம்தான் கேட்டார்கள். தலைப்பை மாற்றினால் இலவசமாகவே அடித்துத் தருவதாகச் சொன்னார். அவர்கள் காசு கொடுத்து வேறு இடத்தில் அடித்துக்கொண்டார்கள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. பூபதியும் தமிழரசும் முதல் ஆளாகப் போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து, பிறகு வரவேற்புரை, பிறகு பொன்னாடை. பொன்னாடை போர்த்துவதற்கு ஆட்கள் தீரவில்லை. வேலாயுதபெருமாள் கழுத்துவரை ஜரிகைக்குள் மூழ்கி உட்கார்ந்திருந்தார்.

பிறகு சேகரிப்பாளர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்திருந்த சிவபிரகாஷ் மைக்கைப் பிடித்தார்.

"நானு ஒரு பொட்டி நெறைய வாங்கி வெச்சன். நாப்பது புக்கு. வீடு கட்டும்போது வித்துக்கலாம்னு கணக்கு. வீடு கட்டிட்டன், பொட்டி அப்படியேதான் கெடக்குது. வாங்க வரவன் எல்லாம், எங்கிட்டயே அம்பது இருக்குதுன்றான்."

கூடம் சிரித்தது. சிரிப்பில் சந்தோஷம் குறைவாகத்தான் இருந்தது. ஏனென்றால் அங்கிருந்த எல்லோரிடமும் ஒரு பெட்டி இருந்தது. ஒரு காமிக்ஸ் அபூர்வமாவதற்கு வழி அதை யாரும் பத்திரப்படுத்தாமல் இருப்பது. வாழைப்பழக் கடையில் பொட்டலம் கட்டிய சாதாரண இதழ்களுக்கெல்லாம் இன்று அடிதடி. சாவு இதழை மட்டும் எல்லோரும் கண்ணைப்போலக் காத்தார்கள். ஆகவே அது எல்லோரிடமும் இருக்கிறது. அதுவும் முழுசாக இல்லை. சேலத்து வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் இளகி அட்டையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. "பிரிச்சா அட்டை கையோட வருதுங்க. பிரிக்காட்டி உள்ள புக்கு இருக்குதுன்னு நாமளா நம்பிக்க வேண்டியதுதான்," என்றார் இன்னொருவர்.

கேள்விகளை எழுதித் தரச் சொன்னார்கள். பூபதி கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: 'கருடவேந்தன் மறைந்தானா, இறந்தானா?' தொகுத்து வழங்கிய மதுமதி பள்ளிக்கூட ஆசிரியை, கணீர்க் குரல். முதலில் எடுத்த சீட்டில் ஐயாவுக்குப் பிடித்த பலகாரம் என்ன என்று இருந்தது. ஐயா அதற்கு விரிவாகப் பதில் சொன்னார். இரண்டாவது சீட்டு, கருடவேந்தனுக்கு ஏன் கல்யாணமே ஆகவில்லை. அது ஐயாவின் சொந்தக் கல்யாணம்வரை போயிற்று. மூன்றாவதாகப் பூபதியின் சீட்டு வந்தது. மதுமதி அதை மனசுக்குள் படித்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தார்.

"புதுச்சத்திரம் பூபதி அவர்கள் ஒரு தத்துவக் கேள்வி கேட்டிருக்கிறார்."

"தத்துவமெல்லாம் இல்லீங்க," என்று பூபதி எழுந்தார். மைக் அவரிடம் இல்லை.

வேலாயுதபெருமாள் பொன்னாடைகளுக்கு நடுவிலிருந்து கையை எடுத்தார். "வீரர்கள் மறைவதும் இல்லை, இறப்பதும் இல்லை. வாசகர் நெஞ்சில் வாழ்கிறார்கள்."

கைத்தட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. அதிகம் தட்டியது தமிழரசு.

"உனக்குப் பதில் வந்திருச்சல்லோ," என்றார் உட்கார்ந்தபடியே.

"பதிலாடா இது?"

"சாகலைன்னு சொல்லிட்டாரு."

"மறையலைன்னுந்தான் சொன்னாரு."

"அப்ப ரெண்டு பேரும் தோத்தோம். வா, பந்தி போட்டுட்டாங்க."

பந்தியில் பூபதி ஒருவரை எழுப்பி விட்டுத்தான் பெரியவருக்குப் பக்கத்து இலையைப் பிடித்தார். தமிழரசு அடுத்த இலை. பொன்னாடைகளைக் கழற்றிவிட்டிருந்ததால் வேலாயுதபெருமாள் இப்போது பாதியாக இருந்தார். ரசம்வரை பொறுத்துப் பார்த்த பூபதி, அதற்கு மேல் முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: மோகனூர், மொட்டை, தவிட்டு வாளி, தம்மம்பட்டிச் சித்தி.

பெரியவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "நெசமாவே மொட்டை அடிச்சீங்களா?"

"ஆமாங்க."

"நான் 'இறந்தான்'னுதான்யா எழுதினேன்," என்றார் தணிந்த குரலில். "அந்த மாசந்தான் முதலாளி புது மெஷின் இறக்கியிருந்தாரு, வீட்டை அடமானம் வச்சு. பூசையெல்லாம் போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் வேலையா நம்ம புக்கை ஏத்துறாங்க. அச்சுக்குப் போற ஃபாரத்தைப் பாத்துட்டு மனுசன் பதறிட்டாரு. புது மெஷின்ல முத முதல்ல 'இறந்தான்'னு ஓட்டுனா தொழில் விளங்குமாய்யான்னாரு. வாஸ்தவந்தானே? அர்த்தம் ஒண்ணுதான், விளம்பரத்துல போட்ட மாதிரி 'மறைந்தான்'னே போட்டுருங்க, கொஞ்சம் மங்களமா இருக்கும்னாரு. போட்டோம்."

"அப்பறம் எப்படிங்க திரும்பி வந்தான்?"

"வியாபாரம் படுத்துச்சு. முதலாளி பழைய புக்கை எடுத்து வச்சுக்கிட்டு, மறைந்தான்னுதானேய்யா இருக்குன்னாரு. சம்பளம் கொடுக்கிறவர். எழுதினேன்." மோருக்குச் சாதத்தைப் பிசைந்தார். "என்னைக் கேட்டா அவன் அன்னைக்கே போயிட்டான் தம்பி. அதை எழுதி முடிச்சு வீட்டுக்குப் போய், தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் நான் சாப்பிட்டேன்."

பூபதி தமிழரசுவைத் திரும்பிப் பார்த்தார். தமிழரசு அப்பளத்தில் கவனமாக இருந்தார்.

கை கழுவியதும் பூபதி பையிலிருந்து தன் பிரதியை எடுத்தார். உறை பிரித்துப் படித்த பிரதி, ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்து பேனாவை நீட்டினார்.

"ஐயா, இந்தக் கட்டத்துக்குக் கீழ 'இறந்தான்'னு ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. எனக்கு அது போதுமுங்க."

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பேனா முனையைத் தாளில் வைத்தார். வைத்தவர் எழுதவில்லை.

"எண்பத்தொண்ணு நடக்குது தம்பி எனக்கு," என்றார். "இந்த வயசுல அந்த வார்த்தையை என் கையால எழுதி, அதுக்குக் கீழேயே என் பேரையும் போடச் சொல்றீங்களே."

பூபதி தாளைப் பார்த்தார். அந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை. வாரம் பத்துச் சாவுக்கு வாசகம் எழுதுகிறவர் யோசித்திருக்க வேண்டும். "அப்படிப் பாக்காதீங்கய்யா," என்று ஏதோ சொன்னார். அதற்குள் பெரியவர் நடுங்கும் எழுத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டு, புத்தகத்தை மூடிக் கையில் கொடுத்துவிட்டார். காருக்கு நேரமாயிற்று என்று அவரைக் கூட்டிப்போனார்கள்.

நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பூபதி பிரித்துப் பார்த்தார். அணையின் அடியில் கருடவேந்தன் கிடக்கிறான், இறக்கைகள் மிதக்கின்றன. கீழே: 'நீடூழி வாழ்க. அன்புடன், வேலாயுதபெருமாள்.'

தமிழரசு எட்டிப் பார்த்து, சிரிப்பை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எழுத்துல எப்படியோ இருக்கட்டும்," என்றார் பூபதி. "வாயால சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு. நானுந்தான் கேட்டுட்டிருந்தனே. செத்துட்டான். ஒத்துக்கறேன்."

முப்பது வருஷம் காத்திருந்த வார்த்தை. பூபதி தன் மனசுக்குள் ஏதாவது நடக்கிறதா என்று பார்த்தார். கண்டக்டர் வந்ததும் புதுச்சத்திரம் ரெண்டு என்று டிக்கெட் வாங்கினார்.

"செத்தவன் செத்துட்டான், செரி," என்றார் தமிழரசு. "அப்ப அதுக்கப்பறம் எறக்கையக் கட்டிக்கிட்டு அத்தன வருசம் மாசா மாசம் வந்தானே, அவன் ஆரு?"

"அவன் வேற."

"வேறன்னா? நீ ஒரு புக்கு உடாம வாங்கிப் படிச்சியேடா. எங்கிட்ட வந்து கதை வேற சொன்னே. ஆரோ ஊரு பேரு தெரியாதவனயா அத்தன நாளு படிச்சே?"

பூபதி புத்தகத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. மல்லூர் தாண்டும்வரை அதோடு மல்லுக்கட்டினார்.

"பொறகு வந்தவன் நல்லாத்தாண்டா சண்ட போட்டான்," என்றார் கடைசியில், தமிழரசுவைப் பார்க்காமல், எரிச்சலோடு.